கூட்டாளி என்றால் யார்?
‘ஃபெலோஷிப்’ என்ற சொல்லுக்குத் தமிழ் தேடி, ஆயர் தாவாரிலிருந்து

ஆயர் தாவாரிலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் சாலையில் அடுத்து வரும் பெரிய ஊர் சித்தியவான். பேராக் மாநிலத்தின் மஞ்சோங் மாவட்டத்தில் இருக்கும் இந்த ஊரின் பெயருக்கு ஒரு கதை உண்டு. இரண்டு யானைகள் சேர்ந்து வந்தன. ஒன்று சேற்றில் சிக்கிக்கொண்டது. மற்றது அதை விட்டு நகர மறுத்து அங்கேயே நின்றது. பார்த்தவர்கள் ‘செத்தியா காவான்’ என்றார்கள். விசுவாசமுள்ள நண்பன் என்பது அதன் பொருள். அதுவே நாளடைவில் சித்தியவான் ஆயிற்று என்பது வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம்.

கதை நடந்ததோ இல்லையோ, அதில் வரும் மலாய்ச் சொல் நம் ஆய்வுக்கு நல்ல தொடக்கம். ‘காவான்’ என்றால் நண்பன். விலங்குகளைப் பற்றிப் பேசும்போது அதே சொல்லுக்கு மந்தை என்றும் பொருள் உண்டு. ஒரு கூட்டம் யானையை ‘செகாவான் காஜா’ என்பார்கள். தனி ஒருவனைக் குறிக்கும் சொல்லும் கூட்டத்தைக் குறிக்கும் சொல்லும் மலாய் மொழியில் ஒன்றாகவே இருக்கின்றன.

இந்தச் சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு ‘ஃபெலோஷிப்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்க்கலாம். தேவாலயத்தில் அது ஒரு பொருளில் வழங்குகிறது. பல்கலைக்கழகத்தில் வேறொரு பொருள். சங்கங்களின் பெயர்ப் பலகைகளில் இன்னொரு பொருள். இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரே வேர் ஓடுகிறது. அந்த வேருக்கு மிக அருகில் நிற்கும் தமிழ்ச் சொல், பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் நம் பெரியவர்கள் நாள்தோறும் புழங்கிய சொல் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மாடும் செல்வமும்

‘ஃபெலோ’ என்ற சொல் ஆங்கிலத்தின் சொந்தச் சொல் அன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வடகடல் தாண்டி வந்த ஸ்காண்டிநேவியர்களின் மொழியிலிருந்து அது உள்ளே வந்தது. அங்கே ‘ஃபேலாகி’ என்பது மூலவடிவம். ‘ஃபே’ என்றால் கால்நடை, உடைமை, பணம். ‘லாக்’ என்றால் கீழே வைத்தல். ஒரு கப்பல் பயணத்துக்கோ வணிகத்துக்கோ தன் பங்கைக் கொண்டுவந்து மற்றவர்களின் பங்கோடு சேர்த்து வைத்தவன் ‘ஃபேலாகி’. அப்படி வைத்தவர்களின் உறவு ‘ஃபெலோஷிப்’.

கால்நடையையும் செல்வத்தையும் ஒரே சொல்லால் குறிப்பது தமிழருக்குப் புதிதில்லை. ‘மாடு’ என்ற சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் உண்டு. கல்வியைப் பற்றிய அதிகாரத்தில் வள்ளுவர் அதை அந்தப் பொருளில் ஆண்டிருக்கிறார். லத்தீன் மொழியிலும் கால்நடைக்கான சொல்லிலிருந்துதான் பணத்துக்கான சொல் பிறந்தது. மந்தைதான் மனிதனின் முதல் சேமிப்பு. அந்தச் சேமிப்பைப் பிறர் சேமிப்போடு கலக்கத் துணிந்தவனே முதல் தோழன்.

தோழமை மனத்தில் பிறக்கிறது, பணம் அதைக் கெடுக்கிறது என்றே நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். இந்தச் சொல்லின் பிறப்பு வேறொன்றைச் சொல்கிறது. பலர் தத்தம் பங்கை நடுவில் வைக்கிறார்கள். வைத்தபின் ஒருவர் இழப்பு எல்லோருக்கும் இழப்பாகிறது. அந்த நிலையிலிருந்து நம்பிக்கை வளர்கிறது.

தமிழில் சிதறிய பொருள்கள்

நம் இலக்கியம் நட்பைக் கொண்டாடிய அளவுக்குக் கொண்டாடிய இலக்கியங்கள் குறைவு. நட்பு தொடங்கிக் கூடா நட்பு வரை திருக்குறளில் தொடர்ந்து ஐந்து அதிகாரங்கள். கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் நேரில் காணாமலே கொண்ட கேண்மை புறநானூற்றின் உச்சங்களில் ஒன்று. ஆனால் நட்பு, கேண்மை என்றதும் மனம் இருவரைத்தான் நினைக்கிறது. இருபது பேர் சேர்ந்து ஒரு காரியத்துக்குப் பங்கு போட்டால் அதை நட்பு என்ற சொல்லுக்குள் அடக்குவது கடினம்.

கிறித்தவத் தமிழில் ‘ஃபெலோஷிப்’ என்பது ஐக்கியம் ஆயிற்று. வாலிபர் ஐக்கியம், மாதர் ஐக்கியம் என்று தேவாலயங்களில் இன்றும் கேட்கிறோம். தொடக்ககாலத் திருச்சபையை விவரிக்கும் இடத்தில் பழைய தமிழ் வேதாகமம் ‘அந்நியோந்நியம்’ என்ற சொல்லை எடுத்தது. இரண்டுமே அழகான சொற்கள். இரண்டுமே உள்ளத்தின் ஒன்றிப்பைச் சொல்பவை.

மூல கிரேக்கச் சொல்லான ‘கொய்னோனியா’ அங்கே நிற்பதில்லை. பொதுவானது என்று பொருள்படும் சொல்லிலிருந்து அது வந்தது. எருசலேமில் இருந்த ஏழைகளுக்காக மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் இருந்த விசுவாசிகள் திரட்டிய பண உதவியைப் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் குறிப்பிடுகிறார். அந்த நன்கொடைக்கும் அவர் எழுதிய சொல் ‘கொய்னோனியா’தான். ஒன்றாக ஜெபிப்பதற்கும் உண்டியலில் காசு போடுவதற்கும் அவரிடம் ஒரே சொல் இருந்தது. மொழிபெயர்ப்பில் அது இரண்டாகப் பிரிந்தது.

பல்கலைக்கழகத்துக்கு வந்தால் ‘ஃபெலோஷிப்’ ஆய்வு உதவித்தொகை ஆகிறது, அல்லது நல்கை. நல்குதல் மேலிருந்து கீழே வருவது. கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளின் பழைய ‘ஃபெலோ’ யாரிடமும் கை நீட்டியவர் அல்லர். அவர் கல்லூரியின் உறுப்பினர். அதன் நிலத்திலிருந்தும் வாடகையிலிருந்தும் வந்த வருமானத்தில் அவருக்கு உரிமைப் பங்கு இருந்தது. நம் சொல்லாக்கத்தில் பங்கு மறைந்து கொடை மட்டும் நின்றுவிட்டது.

இந்த இடைவெளியை நிரப்பும் சொல் மலேசியத் தமிழில் இருக்கிறது: கூட்டாளி. தமிழ்நாட்டுச் செய்தித்தாளில் ‘கூட்டாளி’ பெரும்பாலும் குற்றச் செய்தியில்தான் வருவார். திருடனும் அவன் கூட்டாளிகளும் பிடிபடுவார்கள். மலேசியாவில் பள்ளிக்கூடப் பிள்ளை தன் பக்கத்தில் உட்காருபவனை ‘என் கூட்டாளி’ என்கிறான். இலங்கையிலும் அப்படித்தான். தொழிலில் பங்கு போட்டவர் என்ற பழைய பொருளும், உயிர் நண்பன் என்ற பொருளும் இந்த ஒரு சொல்லில் ஒட்டியே இருக்கின்றன. பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி அரிசி கொண்டுவந்து ஆக்கித் தின்னும் கூட்டாஞ்சோற்றில் இருப்பதும் அந்தக் கூட்டுதான்.

கடல் தாண்டிய கூட்டுகள்

மலாய்த் தீபகற்பத்திலும் சுமத்ராவிலும் தமிழ்க் கூட்டுகள் தோட்டக் காலத்துக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இயங்கியிருக்கின்றன. இன்றைய தாய்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள தக்குவா பாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு சிதைந்த நிலையில் இருக்கிறது. எஞ்சிய வரிகளில் ‘அவனிநாரணம்’ என்ற குளத்தின் பெயர் தெரிகிறது. அந்தக் குளம் மணிக்கிராமத்தார் முதலியோருக்கு அடைக்கலமாக ஒப்படைக்கப்பட்டது. மணிக்கிராமம் என்பது ஒரு வணிகர் குழு. அந்நிய மண்ணில் ஒரு நீர்நிலையைக் காக்க, ஒரு தனி மனிதரை விட ஒரு கூட்டு நிலைத்து நிற்கும் என்று அன்றே நம்பினார்கள்.

சுமத்ராவின் பாரூஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு திசையாயிரத்து ஐந்நூற்றுவருடையது. அங்கு வரும் மரக்கலத் தலைவர்களும் பிறரும் கஸ்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன் செலுத்திய பிறகே உள்ளே அடியெடுத்து வைக்கலாம் என்பது அதன் சாரம். பங்கைக் கீழே வைத்தபின் உள்ளே வா என்ற ஸ்காண்டிநேவியரின் ஏற்பாடும் இதுவும் ஒன்றுக்கொன்று தெரியாமலே ஒன்றுபோல் இருக்கின்றன.

சித்தியவான் வட்டாரத்தின் நவீன வரலாறும் இப்படி ஒரு கூட்டோடுதான் தொடங்குகிறது. 1903இல் சீனாவின் ஃபூச்சோவ் பகுதியிலிருந்து 363 பேர் மெதடிஸ்ட் திருச்சபையின் ஏற்பாட்டில் இங்கே குடியேறினார்கள். அவர்களை அழைத்து வந்தவர்களில் ஒருவர் போதகர் லூரிங். திருச்சபை ஐக்கியமாக வந்தவர்கள் நிலத்தைத் திருத்தினார்கள், பின்னர் ரப்பர் நட்டார்கள். வழிபாடும் நிலமும் அங்கே ஒன்றையொன்று தாங்கின.

லயத்தில் உருவான கூட்டு

தமிழர் தோட்டங்களுக்கு வந்த விதம் வேறு. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தபோது கங்காணி முறை ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. கங்காணி தன் ஊருக்குப் போய், தன் ஊராரையும் உறவினரையும் திரட்டிக் கப்பலேற்றி வந்தார். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் அவருக்குக் காசு கிடைத்தது. அவர் கொண்டுவந்ததும் ஒரு கூட்டம்தான். ஆனால் அதன் நடுவில் இருந்த பொருள் கூட்டத்துக்குச் சொந்தமில்லை. அது கங்காணியின் வருமானம், அவருக்கு மேலே துரையின் லாபம். ஒரே லயத்தின் வரிசை வீடுகளில் வாழ்ந்து, விடியலில் ஒரே பெரட்டில் பெயர் கொடுத்து நின்று, ஒரே மணிக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர்களை ஒன்றாகக் கட்டியது அவர்களுடைய பங்கு அன்று. ‘கூட்டமும் கூட்டும் ஒன்றல்ல’ என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இருந்தும் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே மக்கள் தங்கள் கூட்டைக் கட்டிக்கொண்டார்கள். மாரியம்மன் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு சந்தா. சாவு விழுந்தால் மரண சகாய நிதி. கல்யாணத்துக்கு மொய். ஊர் பெயர் தெரியாத நாட்டில், முதலாளியிடம் முன்பணம் கேட்டுத் தலை குனியாமல் ஒரு பெண்ணுக்குத் தாலி செய்யவும் ஒரு பிணத்தை மரியாதையாக எடுக்கவும் வழி செய்தவை இவை. எல்லாவற்றுக்கும் சாட்சியாக ஒரு நோட்டுப் புத்தகம். அதில் பெயர், எதிரே தொகை. மேற்பார்வையாளரான தண்டலின் பெயரும் பால்மரம் வெட்டுபவரின் பெயரும் ஒரே பக்கத்தில் வரும்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. சிலர் சேர்ந்து மாதாமாதம் ஒரு தொகை போடுவார்கள். திரண்ட பணம் முறைவைத்தோ ஏலம் கூறியோ ஒவ்வொரு மாதமும் ஒருவருக்குப் போகும். மலேசியத் தமிழர் இதைக் கூட்டு என்றார்கள். மலாய்க்காரர்களிடம் அது ‘குத்து’ என்று வழங்குகிறது. கூட்டு என்ற சொல் சட்டப் புத்தகத்திலும் ஏறியது. 1971ஆம் ஆண்டின் கூட்டுநிதி தடைச் சட்டம் இதைத் தொழிலாக நடத்துவதைத் தடை செய்தது. அதன் வரையறை கூட்டு, சீட்டு ஆகிய தமிழ்ச் சொற்களையும் ‘ஹுவேய்’ என்ற சீனச் சொல்லையும் ஒரே வரியில் அடுக்குகிறது. சங்கம், கூடுகை என்ற பொருளும் கொண்டது அந்தச் சீனச் சொல். தோட்டத்துத் தமிழனும் பக்கத்துக் கடைவீதிச் சீனனும் ஒரே தேவைக்கு ஒரே வழி கண்டிருந்தார்கள் என்பதற்கு அந்தச் சட்டமே ஆவணம்.

சட்டம் வந்ததற்குக் காரணம் உண்டு. பணம் நடுவில் இருக்கும் இடத்தில் அதை எடுத்துக்கொண்டு ஓடவும் ஒருவன் இருப்பான். கூட்டின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன: கணக்கு எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும். தெரியாத நாளில் அது கூட்டாக நீடிப்பதில்லை.

பத்து வெள்ளியில் தோட்டம்

இந்தக் கூட்டு மனப்பான்மை தன் முழு உயரத்துக்கு எழுந்து நின்ற நிகழ்வு பேராக்கோடு தொடர்புடையது. 1950களில் ஐரோப்பிய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து விற்றார்கள். இதுவே தோட்டத் துண்டாடல். தோட்டத் தொழிலாளிக்கு வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. வேலை போனால் லயத்து வீடும் போகும், பிள்ளையின் பள்ளிக்கூடமும் போகும். பேராசிரியர் உங்கு அசிஸ் இந்தத் துண்டாடலை விரிவாக ஆராய்ந்து அறிக்கை எழுதினார்.

சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்து, 1955இல் மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவரான துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார். தொழிலாளர்களிடம் அவர் சொன்ன வழி எளிமையானது: தோட்டத்தை விற்கிறார்களா, நாமே வாங்குவோம். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பத்து வெள்ளித் தவணைகளில் பங்கு சேர முடிந்தது. அடுத்த ஆண்டு, 1961இல், கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் அதன் முதல் தோட்டமானது.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1844இல் ரோச்டேல் நகரில் நெசவாளர்களும் பிறருமாக 28 பேர் ஆளுக்கு ஒரு பவுண்டு சேர்த்து ஒரு கடை திறந்தார்கள். நவீனக் கூட்டுறவு இயக்கம் அதிலிருந்து கிளைத்தது. ஆனால் ரோச்டேல்காரர்கள் தங்கள் ஊரில், தங்கள் மொழியில் செய்தார்கள். நம்மவர்கள் நாள்கூலி வாங்கி, கடல் கடந்த நாட்டில் வேரூன்றலாமா என்ற கேள்வியோடு வாழ்ந்தபடி செய்தார்கள். ரப்பர்ப் பால் மங்கு கழுவிய கை பத்து வெள்ளியை நீட்டியபோது அது சேமிப்பாக மட்டும் இருக்கவில்லை. ‘இந்த மண்ணில் எனக்கும் பங்கு உண்டு’ என்ற வாக்குமூலமாகவும் அது இருந்தது. கூலிக்கு மரம் வெட்டியவன் பங்குக்கு மரம் வெட்டுபவனாக மாறிய அந்தக் கணத்தில், கங்காணியின் கூட்டம் கூட்டாளிகளின் கூட்டானது. ‘ஃபேலாகி’ என்ற பழஞ்சொல்லின் பொருளை அதன் முழு அளவில் தமிழர் வாழ்ந்து காட்டிய இடம் இதுதான்.

அறிவுக்கும் ஒரு கூட்டு

பல்கலைக்கழகப் பொருளுக்கும் இந்த மண்ணில் உயர்ந்த எடுத்துக்காட்டு இருக்கிறது. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமையவிருந்தபோது, அதில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டினார். ஏழை எளியவர்களும் தோட்டத் தொழிலாளர்களும் தங்களால் முடிந்ததைக் கொடுத்தார்கள். 1956இல் துறை தோன்றியது. பின்னர் தனிநாயகம் அடிகள் அதற்குத் தலைமை ஏற்றார். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு நடந்தது. நல்கை மேலிருந்து கீழே வரும் என்ற நம் எண்ணத்தை இந்த நிகழ்வு தலைகீழாக்குகிறது. இங்கே படிக்கும் வாய்ப்பே இல்லாதவர்கள் படிப்புக்கு நல்கினார்கள்.

கணித மேதை ராமானுஜனை இங்கே நினைக்க வேண்டும். 1918இல் அவர் லண்டன் ராயல் சொசைட்டியின் ‘ஃபெலோ’ ஆனார், அதே ஆண்டில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ‘ஃபெலோ’வும் ஆனார். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு தர முன்வந்தது. 1919 ஜனவரியில் அவர் எழுதிய பதிலில், பெற்றோருக்கு ஒரு பங்கும் தன் தேவைகளும் போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அனாதைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகங்களுக்கும் செலவிடுமாறு கேட்டுக்கொண்டார். பட்டத்தின் பொருளை அவர் வேரோடு புரிந்துகொண்டிருந்தார். பெற்ற பங்கைத் திரும்பவும் நடுவில் வைத்தார்.

நடுவில் இன்று என்ன இருக்கிறது?

சொற்கள் தேயும். மலேசிய ஆங்கிலப் பேச்சில் ‘ஃபெலோ’ தேய்ந்து ‘ஃப்ளேர்’ ஆயிற்று. அந்த ஆள், அந்தப் பயல் என்று பெயரே தேவையில்லாத ஒருவனைச் சுட்ட அது பயன்படுகிறது. பங்கு போட்டவனைக் குறித்த சொல், எந்தப் பங்கும் இல்லாதவனைக் குறிக்கும் சொல்லாக இறங்கிவிட்டது. மறுபுறம், மலேசியப் பல்கலைக்கழக விடுதிகளில் மாணவரோடு தங்கி அவர்களைக் கவனிக்கும் ஆசிரியரை ‘ஃபெலோ’ என்கிறார்கள். ஒரே கூரையில் சேர்ந்து வாழ்வது என்ற பழைய நிறம் அங்கே கொஞ்சம் எஞ்சியிருக்கிறது.

நம் பழைய கூட்டுகளில் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. பல லயங்களில் சாதி சுவர் எழுப்பியது. நோட்டுப் புத்தகத்தில் குடும்பத்தலைவன் பெயர் இருந்தது, விடியலில் அவனோடு சமமாக மரம் வெட்டிய பெண்ணின் பெயர் இல்லை. பங்கு வைத்தும் பெயர் எழுதப்படாதவர்கள் இருந்தவரை அந்தக் கூட்டு முழுமையடையவில்லை. இதை ஒப்புக்கொள்ளாமல் பழையதைப் புகழ்வது அந்தப் பெண்களுக்குச் செய்யும் இரண்டாவது அநீதி.

ரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. லயத்துக் குடும்பங்கள் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குப் பெயர்ந்துவிட்டன. ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் குழாய், தனி மதில். இந்த வசதி போராடிப் பெற்றது, அதற்காக யாரும் வருந்த வேண்டாம். ஆனால் அடுத்த வீட்டுக்காரரோடு சேர்ந்து நடுவில் வைக்க ஒன்றும் இல்லாமல் போனால் ‘நாம்’ என்ற சொல் மேடைப் பேச்சாக மட்டும் மிஞ்சும். ஒற்றுமை வேண்டும் என்று எத்தனை முறை சொன்னாலும் அது வராது. தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு ஒரு மாலை நேரம், கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு பங்கு, கல்லூரிக்குப் போகும் பக்கத்துப் பிள்ளைக்கு ஒரு தொகை என்று எதையாவது கீழே வைத்தால்தான் வரும்.

ஆயர் தாவார் என்றால் மலாய் மொழியில் உப்புக் கரிக்காத நீர், குடிக்கத் தகுந்த நல்ல தண்ணீர். கடலோர வட்டாரத்தில் அப்படி ஒரு நீர் கிடைத்த இடத்தைச் சுற்றித்தான் ஊர் கூடும். தக்குவா பாவின் குளத்தைக் காத்த மணிக்கிராமத்தாரும் இதை அறிந்திருந்தார்கள். ‘ஃபெலோ’ கூட்டாளி என்றால், ‘ஃபெலோஷிப்’ என்பதற்கு எனக்குத் தெரிந்த சரியான தமிழ் கூட்டு. அதன் அகராதி விளக்கமாக மரண சகாய நிதியின் நோட்டுப் புத்தகத்தையே காட்டுவேன்: வரிசையாகப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே அவரவர் வைத்தது. இனி அந்தப் பக்கத்தில் விடுபட்ட பெயர்களையும் எழுத வேண்டும்.